விட்டுப்போன ஓர் அம்புக்குறி

பிப்ரவரி 17, திங்கள்

டிஎஸ்பி ஆபீசிலிருந்து போன் என்றதும் அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "என்னட்டி செஞ்ச?" என்றார். குற்றவியல் பாடம் நடத்துகிறவளைப் போலீஸ் கூப்பிட்டால், அவள் ஏதோ குற்றம் செய்துவிட்டாள் என்றுதான் இன்னும் நினைக்கிறார். இத்தனைக்கும் அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கம்பியைத் தொட்டால் எங்கே அடிக்கும் என்று தெரிந்தவர்.

விஷயம் இதுதான். ஆலங்கரைத் தேர் ஏப்ரல் ஒன்பதாம் தேதி. போன வருடம் தேர்க் கூட்டத்தில் நிறையச் சங்கிலி அறுத்தார்கள். அதற்கு முந்தின வருடத்தைவிட அதிகம் பேரைப் பிடித்து உட்காரவைத்தும் இந்தக் கதி. புதிதாக வந்திருக்கிற டிஎஸ்பி ஹெப்சிபாவுக்கு இது மண்டையைக் குடைந்திருக்கிறது. "ஆளை அதிகமா பிடிச்சா திருட்டு குறையணும்தானே மேடம்? ஏன் கூடுது? நீங்க பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் போலீஸ்காரர் இவர்தான். சம்பளம் கிடையாது, டீ மட்டும் உண்டு.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் நெடுநாள் பழக்கம் ஒன்று. தேருக்குப் பந்தல்கால் நட்டதும், ரவுடிப் பட்டியலில் பெயர் இருக்கிற அத்தனை பேரையும் வரவழைப்பார்கள். கோட்டாட்சியரான ஆர்டிஓ முன்னால் நிறுத்தி, ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அப்புறம் தேருக்கு முந்தின நாளிலிருந்து, தேர் நிலைக்கு வந்து சேரும்வரை ஸ்டேஷனிலேயே உட்காரவைப்பார்கள். நேற்றுத் திருடினவன், எப்போதோ ஒரு அடிதடியில் மாட்டினவன், பேரன் எடுத்தவன் என்று பேதமே கிடையாது. ஏட்டு ஆதிமூலம் இதற்கு 'மாப்பிள்ளை அழைப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்து ஒரு புது வழக்காகக் கோப்பில் ஏறும். புது வழக்கு ஏறினால் கோப்பை மூட முடியாது. கோப்பு மூடாவிட்டால் அடுத்த தேருக்கும் அழைப்பு நிச்சயம்.

பார்த்துச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஊர் நன்மைக்காகத்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 19, புதன்

இரண்டாம் ஆண்டு வகுப்பு. "பஸ் ஸ்டாண்டில் ஒரு பைக் திருடு போனது. ஏன்?" என்று கேட்டேன். "திருடன் கெட்டவன் மேடம்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டு 'பைக்' என்று எழுதினேன். விளக்கு எரியவில்லை என்றது ஒரு குரல். விளக்கு ஏன் எரியவில்லை? பூக்கடைகளைக் காலி செய்தார்கள், கடைக்காரர்கள் போட்டிருந்த விளக்கும் கூடவே போய்விட்டது. கடைகளை ஏன் காலி செய்தார்கள்? அங்கே நெரிசலில் பர்ஸ் திருட்டு அதிகம் என்று. மணி அடிப்பதற்குள் பலகை முழுக்க அம்புக்குறி. கடைசி அம்பு சுற்றிக்கொண்டு முதல் கட்டத்துக்கே வந்து சேர்ந்தபோது பின்பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்தது.

குற்றம் ஒருவனுடைய மண்டைக்குள் மட்டும் நடப்பதில்லை என்று சொன்னேன். ஒரு இடத்தில் அழுத்தினால் இன்னொரு இடத்தில் பிதுங்கும், எங்கே பிதுங்கும் என்று பார்க்காமல் அழுத்தக்கூடாது என்றேன். நன்றாகத்தான் பாடம் எடுக்கிறேன்.

வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

பிப்ரவரி 23, ஞாயிறு

முப்பிடாதி போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எப்போதும். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிறார்.

"என்ன டீச்சர், இந்த வாரம் எத்தன கள்ளனப் பிடிச்சீய?"

"ஒருத்தனும் மாட்டல. நீங்க சாப்டாச்சா?"

"ஆச்சு. ரசம். இங்க ரசத்துல சீனி போடுதானுவ."

இப்படித்தான் பேசுவோம். வெயில், சாப்பாடு, அவருடைய அம்மாவின் முழங்கால் வலி. போனை வைத்த பிறகு நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இது எட்டாவது வருடம்.

சரி, எழுதிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவரும் பட்டியலில் இருக்கிறவர்தான். இருபது வயதில் ஒரு கபடிப் போட்டி முடிந்து நடந்த அடிதடி. வழக்கில் விடுதலை ஆகிவிட்டார். பட்டியலிலிருந்து மட்டும் விடுதலை இல்லை. வராவிட்டால் அம்மாவைக் கூட்டிப்போய் ஸ்டேஷனில் உட்காரவைப்பார்கள் என்று எங்கே வேலை பார்த்தாலும் தேருக்கு வந்துவிடுவார். அப்படி மூன்று வேலை போயிருக்கிறது. இப்போதைய முதலாளியிடம் போன தடவை அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார். "ஒரு மனுசனுக்கு எத்தன தரம் அம்மை போடும் டீச்சர்?" என்று என்னிடமே கேட்டார்.

என் ஆய்வுக்காகப் பட்டியலில் இருப்பவர்களைப் பேட்டி எடுத்தபோது கடைசியாக வந்தவர். கேள்விகள் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது நான்தான். ஆய்வாளர் செய்யக்கூடாதவை என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை நடத்துகிற நாளில் நான் பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பதில்லை.

கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நான்தான் முதலில் கேட்டேன். "ஒங்க அப்பா வாசல்ல ஒவ்வொரு தேருக்கும் போலீஸ் வந்து நிக்கவா? கோப்பு மூடட்டும்" என்றார். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது. அந்தக் கோப்பு எப்போது மூடுமோ, அப்போதுதான் எனக்கு விடியும். இந்தத் தேரில் அவர் கையெழுத்துப் போடாமல் தப்பினால் போதும், புது வழக்கு இல்லாமல் ஒரு வருடம் ஆகிவிடும், கோப்பை மூடியே ஆகவேண்டும்.

ஊர் நன்மையாம். எழுதுகிறபோதே கை கூசியிருக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

நகைக்கடைக் காலண்டர் தாள்களை ஒட்டி, பின்பக்கத்தில் படம் வரைந்து பீரோவில் மாட்டியிருக்கிறேன். அப்பா மோட்டார் போடப் போகிற வழியில் நின்று பார்த்தார்.

"இது என்ன, கோலமா?"

"ஊர் எப்படி ஓடுதுன்னு படம் போட்டிருக்கேன்பா."

"இம்புட்டு வளைஞ்சா ஓடுது?" என்றார். கொஞ்ச நேரம் விரலால் ஒரு அம்பைத் தொடர்ந்து போனார். சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றது. "ஷார்ட் சர்க்யூட்டுட்டி இது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வட்டங்கள் கிடைத்திருக்கின்றன. முதல் வட்டம்: பிடித்து உட்காரவைத்தால் வேலை போகிறது. வேலை போனால் ஊரில் சும்மா இருக்க வேண்டும். ஸ்டேஷன் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன்தான் சினேகிதம் ஆகிறான். அதிலிருந்து ஒன்றிரண்டு நிஜ வழக்கு. அடுத்த வருடம் இன்னும் அதிகம் பேருக்கு அழைப்பு. இரண்டாவது வட்டம்: அத்தனை பேரையும் காவல் காக்கவே பாதி போலீஸ் ஸ்டேஷனில் முடங்குகிறது. தேர் வீதியில் ஆள் இல்லை. இது வெளியூர்க் கூட்டத்துக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் பஸ் பிடித்து வருகிறார்கள். திருட்டு கூடுகிறது. கூடினதால் உள்ளூர்க்காரனை இன்னும் அதிகம் பிடிக்கிறார்கள்.

பார்த்துக்கொண்டே நின்றேன். எட்டு வருடமாக என்னை அரைத்துக்கொண்டிருக்கிற இயந்திரம் பீரோ கதவு அளவுதான் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

நடந்துவிட்டது. நடந்தே விட்டது.

டிஎஸ்பி ஆபீசில் படத்தை விரித்து வைத்துப் பேசினேன். ஹெப்சிபா தன் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். முடித்ததும், "அப்போ இந்த வருஷம் யாரையும் கூப்பிட வேண்டாம். நம்ம போலீஸ் எல்லாரையும் வீதியில் போடுவோம்" என்றார். நாற்காலியிலிருந்து எழுந்து அவர் கையைப் பிடித்திருப்பேன், ஏட்டு ஆதிமூலம் மட்டும் அங்கே இல்லாவிட்டால்.

ஆதிமூலத்துக்குப் பொறுக்கவில்லை. "மேடம், வருசா வருசம் நடக்குறது. அவனுவ எங்க இருக்கானுவன்னு தெரியாம எப்படி இருக்கது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா மேல இருந்து என்னத்தான கேப்பாங்க?"

நியாயமான பயம்தான். ஹெப்சிபாவும் கொஞ்சம் தயங்கினார். காரியம் கைநழுவிப் போய்விடுமோ என்று எனக்குப் பதறியது. சட்டென்று ஒரு யோசனை வந்தது. "வேலைக்குப் போறவங்க வேலையில இருக்காங்களான்னு ஒரு போன் போட்டுக் கேட்டாப் போதுமே" என்றேன். "இருந்தா அவங்கள விட்டுரலாம். ஆளையே இங்க கொண்டு வரணும்னு இல்லையே."

ஆதிமூலத்துக்கே பிடித்துவிட்டது. "இது நல்லா இருக்கு மேடம். அலையாமத் தெரிஞ்சிரும்" என்றார். அங்கேயே பச்சைப் பேனாவை எடுத்து, ஸ்டேஷன் கட்டத்திலிருந்து வேலை கட்டத்துக்கு ஒரு அம்பு போட்டேன். அழகாக வந்தது.

வரும் வழியில் அல்வா வாங்கினேன். "எதுக்கு?" என்றார் அப்பா. "சும்மா" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

அவரிடம் சொன்னேன்.

"அப்போ நான் தேரப் பாக்கலாமா?" என்றார்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கோப்பைப் பற்றியாவது. அவர் தேரைப் பற்றிக் கேட்கிறார். பதினைந்து வருடமாகத் தேர் ஓடுகிறபோதெல்லாம் அவர் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்திருக்கிறார். ஸ்டேஷன் மேலரத வீதிக்குப் பின்பக்கம். சத்தம் மட்டும் வரும்.

"லீவு கேக்கேன். ஒரு நாள் போதும். அம்மைன்னு சொல்ல வேண்டாம்லா? ஊர்த் தேருன்னே சொல்லலாம்லா?"

"சொல்லலாம்."

"வடம் பிடிக்கையில நீ எந்தப் பக்கம் நிப்ப?" என்றார். டீச்சர் என்று சொல்லவில்லை. மரியாதையெல்லாம் காணாமல் போய்விட்டது. "பொம்பளைங்க வடம் இடது பக்கம்" என்றேன். "அப்போ நான் வலது பக்கம் பிடிச்சாலும் நீ தெரிவ" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரிடம் ஜலதோஷம் என்று சொன்னேன்.

மார்ச் 23, ஞாயிறு

போன் வரவில்லை. ஓவர்டைமாக இருக்கும்.

மார்ச் 24, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. இரண்டாம் பருவ விடைத்தாள் ஒரு கட்டு முடித்தேன். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுவிட்டு மேஜையில் போனை வைத்து, அதைப் பார்க்காத மாதிரி விடைத்தாள் திருத்தினேன். ஒரே தாளை இரண்டு முறை திருத்தியிருக்கிறேன். முதல் முறையைவிட இரண்டாம் முறை மதிப்பெண் குறைவு. பாவம், எந்தப் பிள்ளையோ.

சாயங்காலம் நானே கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது குரல். அந்தப் பெண்ணின் குரலில் ஒரு கவலையும் இல்லை.

இரண்டு ஞாயிறு பேசாமல் இருந்தால் மனிதர் செத்தா போய்விடுவார்? வாரம் பூரா ஒரு போனுக்காக உயிரை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

அவருடைய கம்பெனி நம்பரைத் தேடி எடுத்து, கல்லூரி மரத்தடியில் நின்று கூப்பிட்டேன். முதலாளியே எடுத்தார். சொந்தக்காரி என்று சொன்னேன். பொய் என்று தோன்றவில்லை.

"அவுரு இப்ப இங்க இல்லீங்க. நின்னு பத்து நாளு இருக்குமுங்க."

"நின்னுட்டாரா, நிறுத்திட்டீங்களா?"

கொஞ்சம் இழுத்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தது. "வேலையில ஒரு கொறையுஞ் சொல்ல முடியாதுங்க. ஆனா உங்க ஊரு ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சுங்க. ரவுடி லிஸ்ட்டுல இருக்கறவரு வேலைக்கு வந்திருக்காரான்னு கேட்டாங்க. வந்திருக்காருன்னு சொன்னேன். அப்ப ஒண்ணும் பிரச்சனை இல்லீங்கன்னு வெச்சுட்டாங்க. அவுங்களுக்குப் பிரச்சனை இல்லீங்க. எனக்கு? இங்க பொம்பளப் புள்ளைங்க வேலை செய்யறாங்க. அன்னைக்கு சாயங்காலமே அனுப்பிட்டேனுங்க."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"எதுவுஞ் சொல்லலீங்க. லேத்தைத் தொடச்சு வெச்சுட்டுத்தான் போனாரு."

அந்த மரத்தடியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வகுப்பு மணி அடித்தது. போய்ப் பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது.

ஏப்ரல் 2, புதன்

பீரோவில் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பச்சை அம்பு வேலை என்ற கட்டத்துக்குப் போகிறது. போய் அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கட்டத்துக்குள் ஒரு முதலாளி உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் காது இருக்கிறது, பயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆதிமூலத்தின் பயத்துக்கு வழி பண்ணினேன். அது கோயம்புத்தூரில் போய்ப் பிதுங்கியது. ஊரெல்லாம் சுற்றி அம்பு போட்டவள் ஒரே ஒரு அம்பை விட்டுவிட்டேன். விட்ட இடத்தில் அவர் நின்றிருந்தார்.

பாவி நான்.

டிஎஸ்பியிடம் போனேன். போன் போடுவதை நிறுத்தச் சொன்னேன். விசாரித்தார். மூன்று பேருக்கு வேலை போயிருக்கிறது. ஹெப்சிபா முகம் சுருங்கிவிட்டது. "நானும் யோசிக்கலையே மேடம்" என்றார். அங்கேயே நிறுத்த உத்தரவு போட்டார்.

பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மூணு பேர்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தரைத் தெரியும்."

"எப்படி?"

"ஆய்வுக்காக."

படிக்கட்டு இறங்கும்போது என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆய்வுக்காகவாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

போன் இல்லை. அவர் அம்மா வீட்டு வழியாக இரண்டு தடவை நடந்தேன். கதவு திறந்திருந்தது. என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது? உங்கள் மகனின் வேலையைத் தின்றவள் வந்திருக்கிறேன் என்றா?

ஏப்ரல் 9, புதன்

தேர்.

காலையிலேயே வீதி நிரம்பிவிட்டது. ஒவ்வொரு முக்கிலும் போலீஸ். இத்தனை போலீஸை எங்கள் தேர் வீதி பார்த்ததே இல்லை. ஹெப்சிபா தொப்பியைக் கையில் வைத்து விசிறிக்கொண்டே வந்து, "இதுவரைக்கும் ஒரு சங்கிலிகூட போகல. பஸ் ஸ்டாண்டுலேயே ஒரு வெளியூர்க் கும்பலை அமுக்கிட்டோம்" என்றார். தலையாட்டினேன். என் கண் வலது பக்க வடத்தில் ஒவ்வொரு முகமாகப் போய்க்கொண்டிருந்தது. தேடவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அரோகரா என்று கூட்டம் எழும்பியது. வடம் இறுகியது. அந்த நேரம் பார்த்து ஆதிமூலம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"மேடம், ஒங்க திட்டத்துல ஒரு சின்னச் சிக்கல். ஒருத்தன் விடியவுமே பையோட வந்து ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்துட்டான். இந்த வருசம் கெடையாது, போடேன்னா போவ மாட்டேங்கான். பிடிச்சு உக்கார வச்சு ஓடப் பாத்தவனப் பாத்திருக்கேன். போகச் சொல்லி போகாதவன இன்னைக்குத்தான் பாக்கேன்."

யார் என்று நான் கேட்கவில்லை. செருப்பு கூட்டத்தில் எங்கேயோ கழன்றது. எடுக்கவில்லை.

ஸ்டேஷனில் பாரா காவலர் ஒருவர்தான் இருந்தார். பெஞ்சின் ஓரத்தில், சுவரை ஒட்டி அவர். மடியில் பை. இளைத்திருந்தார். போன தேருக்குப் பிறகு இன்றைக்குத்தான் முகத்தைப் பார்க்கிறேன். காதோரம் நரை வந்திருக்கிறது. போனில் நரை தெரிவதில்லை.

"தேர் ஓடுதே டீச்சர், நீங்க இங்க என்ன செய்யுதீய?"

"போனை ஏன் அணைச்சு வச்சீங்க?"

"என்னத்தப் பேச? வேல போச்சுன்னா நீங்க அழுவீய. போகலன்னா பொய்யி."

பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்தப் போன் போடுற யோசனை என்னோடது" என்றேன்.

"தெரியும். கோயம்புத்தூர்லருந்தே ஏட்டையாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ரொம்பப் பெருமையாச் சொன்னாரு, எங்க மேடம் மூளைன்னு."

"கோவமா?"

"இருந்துச்சு. கோயம்புத்தூர்லருந்து மதுர வரைக்கும் இருந்துச்சு. அதுக்குப் பொறவு தூங்கிட்டேன்."

சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவர் சட்டைக் கையில் ஒரு பொத்தான் இல்லை என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாங்க, போவோம். இப்பத்தான் மேலரத வீதிக்குள்ள வருது. பாத்துரலாம்."

"வேண்டாம்."

"நீங்கதான கேட்டீங்க, தேர் பாக்கணும்னு?"

"கேட்டேன்." பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "கூட்டத்துல ஒரு சங்கிலி போச்சுன்னு வையி. அந்தப் பக்கம் முப்பிடாதி நின்னான்னு ஒருத்தன் சொன்னாப் போதும். புது வழக்கு. இங்கன உக்காந்திருந்தா, தேரு ஓடுன நேரமெல்லாம் அவன் எங்கன்னு கேட்டா ஸ்டேஷன்ல போலீசு முன்னாலன்னு சொல்லலாம்லா. இதவிட நல்ல சாட்சி எங்க கெடைக்கும்?"

யாரும் பிடிக்கவில்லை. யாரும் அழைக்கவில்லை. அவரே வந்து உட்கார்ந்திருக்கிறார். பட்டியல் ஸ்டேஷனில் இருக்கிறது என்று நினைத்துத்தான் நான் படம் வரைந்தேன். அது இத்தனை வருடத்தில் இவருக்குள்ளேயே குடிவந்துவிட்டது.

நான் எழுந்திருக்கவில்லை. முதல் பேட்டியன்று உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.

வெளியே மேளமும் அரோகராவும். அவர் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினார். "சக்கரத்துக்குக் கட்டை போடுற சத்தம் கேக்கா? ஒரு பக்கமா விழுதுல்லா? திருப்பம். வடக்கு முக்கு திரும்புது." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப நின்னுட்டு. மண்டகப்படி. தேங்கா ஒடைக்கான் பாரு." பிறகு, "வடம் இழுபடுது. பொம்பளைங்க சத்தம் முந்தி வருது, ஒங்க பக்கந்தான் வேகம்." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறந்ததிலிருந்து நான் பார்த்த தேரைவிட அவர் கேட்ட தேர் பெரிதாக இருந்தது.

வேட்டுச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்தார். "நிலைக்கு வந்துட்டு" என்றார். எழுந்து, வழக்கமாக வெளியே விடும்போது கையெழுத்துப் போடுகிற மேஜையைப் பார்த்தார். பாரா காவலர் ஒன்றும் வேண்டாம் என்று கையை விரித்துக் காட்டினார். பையை எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அம்மா வீட்டுப் பக்கம் நடந்தார்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

"தேர் பாத்தியா?" என்றார் அப்பா, காப்பியை ஆற்றிக்கொண்டே.

"பாக்கல. கேட்டேன்."

"ஸ்டேஷன்ல இருந்தா?"

ஊரில் ஒன்றை மறைக்க முடியுமா? எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு வருடம், ஞாயிற்றுக்கிழமைகள், கோப்பு, வாசலில் போலீஸ் நிற்கக்கூடாது என்று அவர் சொன்னது. காப்பி ஆறிப்போய்விட்டது.

"எவன் வாசல்ல?" என்றார்.

"நம்ம வாசல்லதான்பா."

"என் வாசல்லதான? அதுல யாரு நிக்கலாம், நிக்கக்கூடாதுன்னு அவன் முடிவு பண்ணுவான், நீ காத்துக் கிடப்ப. எட்டு வருசத்துல ரெண்டு பேர்ல ஒருத்தர் எங்கிட்ட கேட்டியளா?"

அப்பா எழுந்து மோட்டார் போடப் போனார். போகிற வழியில் பீரோ முன்னால் நின்று, "இம்புட்டுக் கோடு போட்டிருக்க, இதுல நம்ம வீட்டக் காணுமே" என்றார்.

உண்மைதான். எங்குமே இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று ஹெப்சிபா வரச்சொல்லி, உறையில் போட்ட ஒரு தாளை நீட்டினார். கோப்பு மூடப்பட்டது என்று உத்தரவு. "உங்க ஆய்வுக்காரர்கிட்ட நீங்களே குடுத்துருங்க" என்றார். சிரிக்கவில்லை, ஆனால் கண் சிரித்தது.

இன்று போன் வருகிற நேரத்தில் நான் அவர் வீட்டுக்கே போனேன். முதல் தடவையாக உள்ளே போகிறேன். அவருடைய அம்மா காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வாம்மா" என்று, தினமும் வருகிறவளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். முப்பிடாதி முற்றத்தில் யார் வீட்டு மோட்டாரையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். இங்கேயே வேலை கொஞ்சம் கொஞ்சமாக வருகிறதாம்.

தாளை அவர் வாங்கவில்லை, கை அழுக்கு என்று. நானே வாசித்தேன். இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அப்பா வாசலைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். குனிந்து ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு நிமிர்ந்தார்.

"அப்போ அடுத்த வருசம் தேருக்கு நான் எங்க இருக்கணும்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடமாக அந்த ஒரு நாளுக்கு அவருக்கு ஒரே இடம்தான். அது இல்லை என்றதும் ஊரில் வேறு இடம் எது என்று கேட்கிறார்.

"என் பக்கத்துல" என்றேன். அவருடைய அம்மா கீரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"கூட்டமா இருக்குமே."

"இருக்கட்டும்."

யோசித்தார். தன் இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ ஒரு கைய நீ பிடிச்சுக்க. விட்டுராத. இன்னொண்ணு வடத்துல கெடக்கட்டும்" என்றார். "முப்பிடாதிக்கு ரெண்டு கையும் எங்க இருக்குன்னு ஊரு பாக்கட்டும்."

அடுத்த தேர் வரை எதற்கு என்று அந்தக் கிரீஸ் கையை அங்கேயே பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. எழுதுகிற இந்தப் பக்கத்திலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.